வளவுப் பூசணிக்கு விலை வைப்பவர் யார்?

மரக்கறி விலை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நமது பார்வை தம்புள்ளையையும் கொழும்பையும் நோக்கியே திரும்புவது வழமையாகிவிட்டது. அங்கே விலை ஏறினாலும் செய்தி, இறங்கினாலும் செய்தி. ஆனால், கிழக்கின் கரையோரக் கிராமமொன்றில், தன் வீட்டு வளவுக்குள் காய்த்த சில பூசணிக்காய்களைப் படலையடியில் அடுக்கி வைத்துக்கொண்டு வியாபாரியின் வரவுக்காகக் காத்திருக்கின்ற பெண்ணுக்கு என்ன விலை கிடைத்தது என்பதை எவரும் கேட்பதில்லை. சிறிய விடயமென்று ஒதுக்கிவிடக்கூடிய இதற்குள் கிழக்கு வாழ் தமிழ், முஸ்லிம் மக்களின் வாழ்வாதாரமும் உறவும் ஒருசேரப் பொதிந்திருக்கின்றன. அதனாலேயே இன்று இதனைப் பேச முனைகின்றோம்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் குருக்கள்மடம் அமைந்திருக்கின்றது. கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கே மட்டக்களப்பு வாவி. இரண்டுக்குமிடையே ஒடுங்கிய மணற்தரை. வாவிக்கு இப்பால் உள்ள இக்கரையை எழுவான்கரை என்றும், அப்பால் உள்ள வயல் நிலங்களும் மேட்டுநிலங்களும் நிறைந்த கரையைப் படுவான்கரை என்றும் இப்பிரதேச மக்கள் அழைப்பர். குருக்கள்மடத்துக்கும் மறுகரையிலுள்ள அம்பிளாந்துறைக்கும் இடையிலான படகுப் பாதை, நெடுங்காலமாக இவ்விரு கரைகளையும் இணைத்து வந்துள்ளது. நெடுஞ்சாலை வழியே வடக்கே சென்றால் காத்தான்குடி. தெற்கே சென்றால் மருதமுனையும் கல்முனையும். அதாவது, இரு பக்கமும் மக்கள் செறிந்து வாழும் முஸ்லிம் நகரங்களும், நடுவே மரக்கறி விளைகின்ற தமிழ்க் கிராமங்களும் அமைந்த பூமி இது. காத்தான்குடியில் வீடுகள் நெருக்கமாக இருப்பதால் தோட்டம் செய்ய நிலம் அரிது. குருக்கள்மடம், செட்டிபாளையம், தேற்றாத்தீவு, களுதாவளை போன்ற ஊர்களில் நிலம் உண்டு. ஆனால் விளைந்ததை விற்பதற்கு நகரம் வேண்டும். ஒருவர் இன்றி மற்றவர் இல்லை என்பதை இந்நிலத்தின் அமைப்பே சொல்லிக்கொண்டிருக்கின்றது.

மட்டக்களப்புப் பிரதேசத்தின் மற்றொரு சிறப்பையும் இங்கு நினைவுகூர வேண்டும். தாய்வழிக் குடிமரபு நிலவும் இம்மண்ணில், வீடும் வளவும் பெரும்பாலும் பெண்ணுக்கே சீதனமாகச் சேர்கின்றன. திருமணத்தின் பின்னர் ஆண் பெண்ணின் வீட்டுக்கு வருவதே வழக்கம். இவ்வழக்கம் தமிழரிடம் மட்டுமன்றி முஸ்லிம்களிடமும் உண்டு என்பது குறிப்பிடத்தக்கது. ஆகவே, வளவில் படர்கின்ற பூசணிக்கொடி பெரும்பாலும் பெண்ணின் நிலத்தில், பெண்ணின் உழைப்பில் படர்கின்ற கொடியாகும். கிணற்றடியில் வழிந்தோடும் நீரும், மாட்டெருவும், அடுப்புச் சாம்பலும் அதற்குப் போதும். வயலில் விளைந்த நெல்லின் கணக்கு ஆண்களின் கைக்குப் போகலாம். வளவுப் பூசணியின் காசு பெண்ணின் முந்தானையில் முடிச்சாகவே தங்குகின்றது. பிள்ளையின் கொப்பி, பாடசாலைச் சப்பாத்து, வைத்தியசாலைக்குப் போகும் பேருந்துக் கட்டணம் என அது செலவாகின்றது. போரில் துணையை இழந்து குடும்பத்தைத் தனித்துத் தாங்குகின்ற பெண்கள் பலர் வாழும் ஒரு மாவட்டத்தில், இந்த முடிச்சின் பெறுமதி எத்தகையது என்பதை விளக்கத் தேவையில்லை.

பூசணி ஏனைய மரக்கறிகளைப் போன்றதன்று. கத்தரியையும் வெண்டியையும் பறித்த ஓரிரு நாட்களுக்குள் விற்றாக வேண்டும். கீரையோ அன்று மாலையே வாடிவிடும். நன்கு முற்றிய பூசணிக்காயோ காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில் இரண்டு, மூன்று மாதங்கள்வரை கெடாதிருக்கும். விதையிட்டு ஏறத்தாழ மூன்று மாதமளவில் காய் முற்றுகின்றது. காம்பு பச்சை நிறம் மாறித் தக்கை போல் காய்ந்து வருவதும், நகத்தால் கீறினாலும் தோலில் எளிதில் தடம் விழாதிருப்பதும் அதற்கான அடையாளங்கள். காம்பைச் சில அங்குலம் விட்டு வெட்ட வேண்டும். காம்பைப் பிடித்துத் தூக்கக்கூடாது. ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிக்காமல் பலகையிலோ வைக்கோலிலோ பரப்பி வைக்க வேண்டும். அடிபட்ட காயை முதலில் விற்றுவிட வேண்டும். இவையெல்லாம் நமது மூத்த பெண்களுக்குத் தெரிந்த விடயங்களே. விவசாயப் போதனாசிரியர்களும் இதனையே கூறுகின்றனர்.

அவ்வாறாயின், விலை இல்லாத நாளில் விற்காமல் விலை வரும்வரை வைத்திருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான காய் வேறில்லை. பொறுத்திருக்கும் வலிமையை இயற்கையே இக்காய்க்குக் கொடுத்திருக்கின்றது. இருந்தும், வளவுப் பூசணி பெரும்பாலும் முற்றுவதற்கு முன்னரே, வியாபாரி சொல்லும் விலைக்கே போய்விடுகின்றது. காய் பொறுத்திருக்கும், அதற்குரியவரால்தான் பொறுத்திருக்க முடிவதில்லை. இப்பிரச்சினையின் மையம் இதுவென்றே நாம் கருதுகின்றோம்.

ஏன் பொறுத்திருக்க முடிவதில்லை? முதலாவது காரணம் கடன். போருக்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் கிராமம் கிராமமாகப் பரவிய நுண்கடன் நிறுவனங்கள், பெண்களைக் குழுக்களாகச் சேர்த்து வாரத் தவணைக்குக் கடன் கொடுத்தன. ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் என்ற நிலை உருவாகி, பல குடும்பங்கள் நிலைகுலைந்தன. 2018 ஆம் ஆண்டு, வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தானே பொறுப்பேற்பதாக அரசாங்கம் அறிவிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. திங்கட்கிழமை தவணை கேட்டு வருபவர் வாசலில் நிற்கும்போது, பூசணிக்காய் இன்னும் மூன்று வாரம் கிடந்தால் நல்ல விலை போகும் என்ற அறிவினால் பயனென்ன? இளங்காயென்று தெரிந்தும் வெட்டித்தான் கொடுக்க வேண்டியிருக்கின்றது. வெட்டிய இளங்காய் விரைவில் அழுகும். அடுத்த முறை வியாபாரி அதனைச் சொல்லியே விலையைக் குறைப்பார்.

இரண்டாவது காரணம், வாங்க வருபவர் ஒருவராக இருப்பது. பத்துக் காய்களைச் சுமந்துகொண்டு நகரச் சந்தைக்குச் செல்ல முச்சக்கர வண்டிக் கூலி கொடுத்தால், விற்ற காசில் பாதி வீதியிலேயே கரைந்துவிடும். ஆகவே, படலைக்கு வருபவரே சந்தை. அவர் சொல்வதே விலை. சந்தையில் அன்று என்ன விலை என்பதை அறிந்து வைத்திருப்பவரும் அவர் ஒருவரே.

மூன்றாவது காரணம் தராசு. நிறுக்காமல் கண்ணால் பார்த்து மொத்தமாக விலை பேசும் வழக்கம் கிராமங்களில் இன்னும் இருக்கின்றது. நிறுத்தாலும் கழிவு என்ற பெயரில் ஒரு பங்கு குறைக்கப்படுகின்றது. வடபகுதிச் சந்தைகளில் பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ கழிவு என்ற நடைமுறை பற்றி விவசாயிகள் எத்தனையோ ஆண்டுகளாக முறையிட்டு வந்துள்ளனர். எடுத்துக்காட்டாக, நான்கு கிலோ எடையுள்ள இருபது காய்களை ஒரு பெண் கொடுக்கின்றாரென வைத்துக்கொள்வோம். மொத்தம் 80 கிலோ. பத்துக்கு ஒன்று கழித்தால் 8 கிலோ, அதாவது இரண்டு முழுப் பூசணிக்காய்கள், விலை பேசுவதற்கு முன்னரே கணக்கிலிருந்து மறைந்துவிடுகின்றன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்ற பழமொழியை நாம் உவமையாகவே கேட்டு வந்திருக்கின்றோம். தராசடியில் அது நாளாந்த நிகழ்வாக இருக்கின்றது. 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் சட்டத்தின்கீழ் வியாபாரத் தராசுகள் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும். சட்டம் கடைத்தெருவை எட்டுகின்றது, படலையடியை எட்டுவதில்லை.

இதனைக் கூறும்போது வியாபாரியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நமது நோக்கமன்று. அதிகாலையில் புறப்பட்டு, வீடு வீடாகச் சென்று, இங்கே ஐந்து அங்கே பத்து எனச் சேர்த்து, எரிபொருள் செலவைத் தாங்கி, அழுகியதைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, நகரக் கடைக்காரருக்குக் கடனுக்கும் கொடுத்துவிட்டு வருபவர் அவர். இலங்கையில் மரக்கறி, பழ வகைகளில் 30 முதல் 40 சதவீதம்வரை அறுவடைக்குப் பின்னர் வீணாகின்றது என்று நெடுங்காலமாகவே கணிக்கப்பட்டு வருகின்றது. அந்த இழப்பின் ஒரு பகுதி அவருடைய வண்டியிலும் நிகழ்கின்றது. "என்ன காக்கா, இண்டைக்கு இவ்வளவுதானா?" என்று கேட்கும் தமிழ்ப் பெண்ணும், "சந்தையில இறங்கிப் போச்சு தங்கச்சி" என்று விடை கூறும் முஸ்லிம் வியாபாரியும் தலைமுறைகளாக ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அவசரத்துக்கு முன்பணம் கொடுத்தவரும் சில வேளைகளில் அவராகவே இருப்பார். இருவருமே தம் கைக்கு எட்டாத இடத்தில் முடிவாகும் விலைக்குக் கட்டுப்பட்டவர்கள்.

அந்த இடம் பெரும்பாலும் தம்புள்ளை. 1999 இல் அங்கே தொடங்கப்பட்ட பொருளாதார மத்திய நிலையம் நாட்டின் மரக்கறி விலையை நிர்ணயிக்கும் மையமாக வளர்ந்துவிட்டது. அநுராதபுரம், மொனராகலை போன்ற மாவட்டங்களின் பூசணி அறுவடை ஒரே வேளையில் சந்தைக்கு வரும்போது, அதன் தாக்கம் கிழக்கின் வளவுகளையும் எட்டுகின்றது. கிழக்கில் விளைந்தது மேற்கே போவதும், மேற்கிலிருந்து வந்தது கிழக்கில் விற்கப்படுவதும் ஒரே வீதியில் ஒரே நாளில் நிகழ்கின்றன. இக்குறையை நீக்கவே குருக்கள்மடத்துக்கு அண்மையிலுள்ள களுதாவளையில் விசேட பொருளாதார மத்திய நிலையமொன்று அமைக்கப்பட்டது. வெற்றிலைக்கும் மரக்கறிக்கும் பெயர்பெற்ற ஊருக்கு அது பொருத்தமானதே. ஆனால், கட்டி முடிக்கப்பட்ட பின்னரும் அக்கட்டடம் ஆண்டுக்கணக்கில் பயன்பாடின்றிப் பூட்டிக் கிடந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். திறக்கப்படாத சந்தையில் பூசணிக்காயை விற்கவும் முடியாது.

உள்ளூர் விளைச்சலின் அருமையை நாம் அண்மைக் காலத்தில் பலமுறை பட்டறிந்திருக்கின்றோம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே நாளில் தடைசெய்யப்பட்டு, விளைச்சல் வீழ்ந்து, அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான், வீட்டுத்தோட்டம் செய்வதற்கென அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அமைச்சரவை தீர்மானித்திருந்தது. விடுமுறை ஏதுமின்றி வாழ்நாள் முழுவதும் வளவில் பயிரிட்டு வந்த பெண்களைப் பற்றி அன்று எவரும் பேசவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்துப் பாதைகளைத் துண்டித்தபோது, மலைநாட்டு மரக்கறிகளையே நம்பியிருப்பதன் ஆபத்து மீண்டும் வெளிப்பட்டது. அத்தகைய நாட்களில், வீட்டு மூலையில் கிடக்கும் நாலைந்து பூசணிக்காய்கள் ஒரு குடும்பத்தின் கறிக்கு மட்டுமன்றி ஒரு தெருவின் கறிக்கே உதவும்.

இனி, கூறத் தயங்கினாலும் கூறியே ஆக வேண்டிய விடயத்துக்கு வருகின்றோம். வாங்குபவர் பலராக இருந்தால்தான் விற்பவருக்கு விலை கிடைக்கும். வாங்குபவர் பலராக வர வேண்டுமானால் வீதி அச்சமற்றதாக இருக்க வேண்டும். குருக்கள்மடம் என்ற பெயரைக் கேட்டவுடன் காத்தான்குடியில் ஒரு தலைமுறையினருக்கு நினைவில் எழுவது மரக்கறியன்று. 1990 ஜூலை 12 ஆம் திகதி, கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடி நோக்கித் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் பயணிகள் பலர் இவ்வூரின் அருகே விடுதலைப் புலிகளால் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டனர். வியாபாரத்துக்காகச் சென்று வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். அடுத்த மாதம் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 9 ஆம் திகதி சத்துருக்கொண்டானில் பெண்களும் குழந்தைகளுமாகத் தமிழர்கள் இராணுவத்தினரால் கொல்லப்பட்டனர். அந்த ஆண்டு இவ்வீதியின் வியாபாரம் மட்டும் அறுந்துபோகவில்லை. காக்கா, தங்கச்சி என்ற அழைப்பும் தொண்டைக்குள் சிக்கிக்கொண்டது.

குருக்கள்மடத்தில் புதைக்கப்பட்டவர்களைத் தோண்டியெடுத்து உறவினரிடம் ஒப்படைக்க வேண்டுமென்ற கோரிக்கை 2014 இல் நீதிமன்றத்தை எட்டிப் பின்னர் தடைப்பட்டது. 2025 இல் களுவாஞ்சிக்குடி நீதிமன்றத்தில் அது மீண்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது. தமது உறவின் உடலுக்கு ஜனாஸாக் கடமையைச் செய்ய வேண்டுமென ஒரு சமூகம் 35 ஆண்டுகளாகக் காத்திருப்பதை, காணாமற்போன தம் பிள்ளைகளைத் தேடி வீதியோரங்களில் அமர்ந்திருக்கும் தமிழ்த் தாய்மார்கள் எவரிலும் நன்கு புரிந்துகொள்வர். இன்றைய குருக்கள்மடத்து மக்கள் அக்கொலைகளுக்குப் பொறுப்பாளிகளல்லர். ஆனால், உண்மை வெளிவருவதற்குத் துணைநிற்பது அவர்களுக்கும் நன்மையே. தங்கள் ஊரின் பெயர் மீது படிந்த கறை நீங்குவதற்கு வேறு வழி இல்லை.

2019 ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களில் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயமும் குருதியில் தோய்ந்தபோது, மீண்டும் ஒரு பிளவு உண்டானது. ஒரு சிலரின் கொடுஞ்செயலுக்காக முஸ்லிம் கடைகளைப் புறக்கணியுங்கள் என்ற குரல்கள் நாடெங்கும் எழுந்தன, கிழக்கிலும் எழுந்தன. புறக்கணிப்பால் பாதிக்கப்படுபவர் கடைக்காரர் மட்டுமே என எண்ணுவது பேதைமை. நகரத்துக் கடை மூடினால் கிராமத்துப் படலைக்கு வண்டி வராது. வண்டி வராத நாளில் மாற்று வியாபாரி சொல்லும் விலை இன்னும் குறைவாகவே இருக்கும். மறுபுறம், தமிழ்க் கிராமத்து மரக்கறி வராத நாளில் காத்தான்குடியின் ஏழை வீட்டுச் சட்டியில்தான் முதலில் கறி குறையும். பகைமையின் செலவை இரு தரப்பிலும் ஏழைகளே செலுத்துகின்றனர் என்பதை அன்று கண்டோம்.

செய்யக்கூடியவை பெரிய செலவுக்குரியவையல்ல. முதலாவதாக, கிராமத்துக்கு ஒரு முத்திரையிட்ட தராசு வேண்டும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொறுப்பில் அது பொது இடமொன்றில் இருக்கட்டும். கிழமையில் குறித்த ஒரு நாளில் வளவுக் காய்கள் அங்கே கொண்டுவரப்பட்டு, அனைவர் முன்னிலையிலும் நிறுக்கப்படட்டும். ஐந்து காய்களுக்காக வராத மொத்த வியாபாரி ஐந்நூறு காய்களுக்காக வருவார். காத்தான்குடியிலிருந்து ஒருவரும் கல்முனையிலிருந்து ஒருவரும் வந்தால் விலை தானாகவே நியாயத்தை நெருங்கும். இரண்டாவதாக, அதே இடத்தில் காய்களைப் பரப்பி வைக்கப் பலகைத் தட்டுகளுடன் கூடிய கொட்டிலொன்று அமைய வேண்டும். அங்கே ஒப்படைத்த காய்க்குப் பெறுமதியின் ஒரு பகுதியைக் கூட்டுறவுச் சங்கம் முன்பணமாகக் கொடுக்குமாயின், தவணைக்காக இளங்காய் வெட்டும் நிலை குறையும். மூன்றாவதாக, தம்புள்ளை, மட்டக்களப்பு, கல்முனைச் சந்தைகளின் அன்றைய விலை ஒவ்வொரு நாளும் கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தியாகத் தமிழில் வந்துசேர வேண்டும். நான்காவதாக, களுதாவளை நிலையம் போன்றவை பெரிய வியாபாரிகளுக்கு மட்டுமன்றி, சங்கமாகச் சேர்ந்து வரும் வளவுப் பயிர்ச்செய்கையாளருக்கும் இடமளிக்க வேண்டும்.

இவற்றோடு, இரு சமூகத்தின் வர்த்தக சங்கங்களும் ஆலய, பள்ளிவாசல் நிர்வாகங்களும் தமக்குள் ஓர் உடன்பாட்டுக்கு வர வேண்டும். எத்தகைய பதற்றம் ஏற்பட்டாலும் மரக்கறி வண்டியை மறிப்பதில்லை, புறக்கணிப்புக்கு அழைப்பு விடுப்பதில்லை என்பதே அது. யூனுஸ் நபி கரைசேர்ந்தபோது இறைவன் அவருக்கு நிழலாகப் படரச் செய்தது சுரைக் குடும்பத்துக் கொடியே என்பது விளக்கவுரையாளர் பலரின் கருத்து. இந்துக்களின் புதுமனை புகுவிழா நீற்றுப்பூசணியின்றி நிறைவதில்லை. அதே கொடியின் காய் தமிழ் வீட்டில் கறியாகவும் முஸ்லிம் வீட்டில் ஆணமாகவும் கொதிக்கின்றது.

வளவுக்காரியின் பூசணி முற்றும்வரை கொடியில் கிடக்க வேண்டும். வெட்டிய பின்னர் நல்ல விலை வரும்வரை வீட்டில் கிடக்க வேண்டும். விற்கும்போது முழு எடைக்கும் காசு கிடைக்க வேண்டும். இம்மூன்றும் நிறைவேறுவதற்கு அவர் கடனிலிருந்தும் அவ்வீதி அச்சத்திலிருந்தும் விடுபட வேண்டும். தராசில் மறைக்கப்படும் எடையானாலும் மண்ணில் மறைக்கப்பட்ட உண்மையானாலும், முழுப் பூசணியை நெடுநாள் சோற்றில் மறைத்து வைத்திருக்க இயலாது. அதனை எடுத்து வெளியே வைப்பதற்குத் தமிழ் மக்களும் முஸ்லிம் மக்களும் ஒன்றாகக் கைகொடுக்க வேண்டுமென்பதே நமது வேண்டுகோளாகும்.